தொட்டில் ரூம்

1970களின் தொடக்கத்தில் உடுமலைப்பேட்டையில் ஒரு நூல் மில்லுக்குள் தினமும் காலையில் கைக்குழந்தைகளும் நடைபழகும் பிள்ளைகளும் கூட்டமாகப் போவோம். அந்தக் கூட்டத்தில் நானும் அக்காவும் உண்டு. வாட்ச்மேன் எங்களை எண்ணித்தான் உள்ளே விடுவார், எண்ணித்தான் வெளியே அனுப்புவார்.

அம்மாவுக்கு ரீலிங்கில் வேலை. கைத்தறிக்குப் போகிற நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற இடம் அது. எங்கள் மில்லில் பெண்களுக்கென்று இருந்தவை ரீலிங்கும் கழிவுப் பஞ்சு பிரிக்கிற கொட்டகையும்தான். ராத்திரி ஷிப்டுக்குப் பெண்களை வைக்கச் சட்டம் விடாது. அதனால் பகல் முழுக்க அம்மா மெஷினில் நிற்பார், நாங்கள் தொட்டில் ரூமில் இருப்போம். அப்பாவும் அதே மில்தான், ஸ்பின்னிங்கில். ஆனால் எங்களைத் தூக்கிக்கொண்டு போவதும் கொண்டுவருவதும் அம்மாதான். பிள்ளை பெண்ணின் சுமை என்று வீடும் நினைத்தது, மில்லும் நினைத்தது.

டிஸ்பென்சரிக்குப் பின்பக்கம், ஓட்டுக்கூரை போட்ட நீளமான அறை. குறுக்கே ஓடிய இரும்புக் கம்பியில் வரிசையாகத் தூளிகள். சேலையை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், அதனால் எந்தத் தூளியில் யார் பிள்ளை என்று சேலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆயா ஒருவர், அவருக்குக் கைக்குதவியாக இன்னொருவர். காலையில் ஒரு டம்ளர் பால். மதியம் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் வந்த சோறு, அப்புறம் பாயை விரித்துத் தூக்கம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு அடிக்கும்போது ஆயா ஜன்னல்களைச் சாத்திவிட்டு எங்களை நடுவில் உட்கார வைத்துக்கொள்வார். “சாமிகளா, அழுகாதீங்க, இது காத்துத்தான்” என்பார்.

மனதில் அழியாமல் இருப்பது பால் கொடுக்கிற நேரம். முற்பகலில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை, கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் மில்லுக்குள்ளிருந்து வருவார்கள். முடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசல் தொட்டியில் முகம், கை, மார்பு எல்லாம் கழுவி, முந்தானையை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். தம்பி பிறந்த வருஷம் அம்மாவும் அவர்களோடு வந்தார். தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டே எனக்கும் அக்காவுக்கும் தலை கோதிவிடுவார். அந்த நேரம் அம்மாவின் மெஷினைப் பக்கத்து மெஷின்காரம்மா பார்த்துக்கொள்வார். அந்தம்மா தன் பிள்ளையிடம் வரும்போது அம்மா பார்ப்பார். மேஸ்திரி அதற்குக் கணக்குக் கேட்டதில்லை. கேட்டால் சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் கேட்டுக்கு முன்னால் கூடிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆவது பிரிவுதான் அந்த ரூமைக் கட்ட வைத்தது என்பது எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் அவர்களுடைய ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அறை வேண்டும். வெளிச்சமும் காற்றோட்டமும் சுத்தமும் வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண் பொறுப்பில் இருக்க வேண்டும். பாலோ சிற்றுண்டியோ இலவசமாகத் தரவும், தாய் வேலைக்கு நடுவில் வந்து பால் கொடுக்கவும் மாநில அரசு விதி செய்யலாம். இந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. பம்பாய் மில்களுக்கு வேலைக்குப் போன தாய்மார்கள், தாங்கள் வரும்வரை பிள்ளை அழாமல் கிடக்கட்டும் என்று அபினி கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போனார்கள். இந்தியத் தொழிலாளர் நிலை பற்றி 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், பெண்கள் அதிகமாக உள்ள ஆலைகளில் குழந்தைகளுக்கு இடம் வேண்டும் என்று எழுதியது. ஆயாவின் தாலாட்டு எங்களுக்குக் கிடைப்பதற்கு முன்னால், எங்கேயோ எத்தனையோ பிள்ளைகள் அபினியில் தூங்கியிருக்கிறார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பதிலி வேலைக்கு வந்த பெண்களின் பிள்ளைகளுக்கு ரூமில் இடம் இல்லை. அவர்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எட்டு, ஒன்பது வயது அக்காமார்களின் இடுப்பில் இருந்தார்கள். அந்த அக்காமார்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அவர்களில் ஒருத்தியை இப்போதும் சந்தையில் பார்க்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாததால் ரேகை வைக்கிறாள். அம்மாவுக்கும் லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சை அடைக்கும். பஞ்சுத்தூசி நுரையீரலைத் தின்பதால் அப்படி வரும் என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1976இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 50 பெண்களுக்கு மேல் என்றிருந்தது 30க்கு மேல் என்று ஆனது. நல்ல திருத்தம். ஆனால் எங்கள் மில்லில் அந்தக் காலத்திலிருந்தே பெண்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். ரிட்டையர் ஆன ரீலிங்காரம்மாக்களின் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. பெண் என்றால் பிரசவ லீவு, பிள்ளை ரூம், ராத்திரி வேலை கிடையாது என்று செலவுக் கணக்குப் போட்டுப் பழகிய நிர்வாகத்துக்கு ஆண்களே போதும் என்று தோன்றிவிட்டது. நான் ஹைஸ்கூல் படிக்கும்போது அந்த ரூமில் மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

பெண்கள் மில்லுக்குத் திரும்ப வந்தது 1990களின் கடைசியில். மேற்கு மாவட்டங்களின் நூல் மில்களுக்குத் தெற்கிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். எல்லாரும் கல்யாணம் ஆகாத பிள்ளைகள். கேட்டுக்குள்ளேயே ஹாஸ்டல், மூன்று வருஷ ஒப்பந்தம், முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. மில் முழுக்கப் பெண்கள், ஆனால் தாய் என்று ஒருத்தி இல்லை. தூளி கட்டிய கம்பிக்கு மறுபடியும் வேலை வராமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பிள்ளை இல்லாத மூன்று வருஷத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஊருக்கு அனுப்பியது அந்த ஏற்பாடு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது காலம் பனியனுடையது. திருப்பூருக்குள் ஆள் போதாமல் கம்பெனிகள் எங்கள் பக்கமும் தாராபுரம் பக்கமும் கிளை போட்டன. 2009இல் நாங்களும் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பூர் மாவட்டத்துக்காரர்களாக மாறினோம். அக்கா மகள் அப்படி ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

பிள்ளைகள் ரூமைத்தான் நான் முதலில் பார்க்கக் கேட்டேன். அருமையான ரூம். டைல்ஸ் தரை, சுவரில் யானையும் மயிலும், மரத் தொட்டில்கள், பால் காய்ச்ச இண்டக்‌ஷன் அடுப்பு, மூலையில் கேமரா. எங்கள் ஆயா பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். பொம்மைகள் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் ஷெல்ஃபில் இருந்தன. பூஜை நாள் என்பதால் பிள்ளைகள் இல்லை போல என்று நினைத்துக் கேட்டேன். மற்ற நாளும் இல்லையாம். வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆட்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில் ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வருவார்களாம்.

சட்டம் குறைவாக இல்லை. 2017இல் பிரசவ லீவு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக ஆனது. அதே திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் எழுதியது. 2020இல் வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் பெண்கள் இத்தனை பேர் என்ற கணக்கே போய்விட்டது. 50 தொழிலாளர்களுக்கு மேல் என்றால் ஆண்களையும் சேர்த்துத்தான். எங்கள் அப்பா காலத்தில் இப்படி எழுதியிருந்தால் அவரும் ஒரு நாளாவது எங்களைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

பிறகு ஏன் பிள்ளைகள் இல்லை? அக்கா மகளையே கேட்டேன். எட்டு மாதக் குழந்தையை ஊரில் அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

“ஏழு மணிக்கு வேன் சித்தி. பாதி நாள் நின்னுட்டுத்தான் வாரோம், புள்ளைய எப்படித் தூக்கிட்டு வாரது? சரி, தூக்கிட்டே வந்து விட்டாலும் போய்ப் பாக்கோணுமில்ல? நான் எந்திரிச்சா என் மெஷினுக்கு முன்னாடி பீஸ் மலையாட்டம் குமிஞ்சு போயிரும். எனக்கு அடுத்த டெய்லர் கையக் கட்டிட்டு உக்காரோணும். மணிக்கு மணி போர்டுல எழுதறாங்க. நாலு தடவ போலாம்னு பேப்பர்ல ஒட்டியிருக்காங்க சித்தி. ஒரு தடவ பாத்ரூம் போறதுக்கே சூப்பர்வைசர் மொகத்தப் பாக்கோணும்.”

எங்கள் மில்லில் ரூம் சுமாராகத்தான் இருந்தது. ஆனால் பத்து மணிக்கு அம்மாவால் மெஷினை விட்டு வர முடிந்தது. இங்கே தரை பளபளக்கிறது, தாய்க்கு எழுந்து வர வழியில்லை. ரீலிங்கில் ஒவ்வொருத்தியும் தனி மெஷின், பக்கத்துக்காரி பார்த்துக்கொள்ளலாம். பனியன் லைனில் ஒருத்தி தைத்த பீஸ்தான் அடுத்தவளுக்குப் போகிறது. ஒருத்தி எழுந்தால் லைனே நிற்கும். அவள் இடத்தில் உட்கார ஒரு ஆள் இல்லாதவரை எவ்வளவு அழகான தொட்டில் வைத்தாலும் அதில் பிள்ளை படுக்காது.

பிள்ளையை வைத்திருந்த அக்கா சும்மா வீட்டில் இருக்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போனாள், பேரனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு. 2005இல் வந்த வேலை உறுதிச் சட்டத்தில், வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குக் குறைந்த ஐந்து பிள்ளைகள் வந்தால் அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை வைத்து அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று இருந்தது. முட்டிவலிக்காரியான அக்காவையே அந்த வேலைக்கு உட்கார வைத்தார்கள். குளத்து மேட்டுப் புளியமரத்தில் சேலையில் தூளி கட்டி அவள் ஆறேழு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். சுவரும் கேமராவும் இல்லாத அந்த மரத்தடிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். மண் வெட்டுகிற தாய் நினைத்த நேரம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக முடிந்ததுதான் காரணம். ஆனால் அந்த வேலை வருஷம் பூராவும் கிடைப்பதில்லை. வேலை இல்லாத நாளில் அக்கா தேங்காய்க் களத்துக்குப் போவாள். அங்கே பிள்ளைக்கு இடம் கிடையாது.

அதனால் அக்கா மகள் கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள். இப்போது வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பவர் டேபிளில், அதாவது கூலிக்குத் தைத்துத் தருகிற சிறு கூடத்தில், தைக்கிறாள். பதினைந்து மெஷின். மெஷினுக்குப் பக்கத்திலேயே தூளி. பிள்ளை அழுதால் காலால் ஆட்டிவிட்டுக் கையால் தைக்கிறாள். பிஎஃப் போயிற்று, ஈஎஸ்ஐ போயிற்று. பனியன் துணியின் பிசிறு பிள்ளையின் மூக்கில் ஏறுகிறது. 50 பேர் இல்லாத இடம் என்பதால் காப்பகச் சட்டம் அந்தக் கதவைத் தட்டாது. அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் இப்படிப் பல பவர் டேபிள்கள். எல்லாப் பெண்களையும் சேர்த்து எண்ணினால் எங்கள் பழைய ரீலிங்கைவிட அதிகம் பேர். தனித்தனியாக எண்ணும்போது சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் யாருமே இல்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாகக் காப்பகம் வைத்துக்கொள்ளலாம் என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. தெருவுக்கு ஒரு பால்வாடி நடத்தத் தெரிந்த மாநிலம் நம்முடையது. டெய்லர்கள் வேலை முடிந்து வருகிற வரைக்கும் திறந்திருக்கிற ஒன்றை, பவர் டேபிள்காரர்களிடமும் அவர்களுக்குத் துணி தருகிற பெரிய கம்பெனிகளிடமும் பங்கு வாங்கி நடத்த நம்மால் முடியும்.

கம்பெனியை விட்டு நிற்பதற்கு முன்னால் அவள் ஒரு தடவை மேனேஜரிடம் பேசிப் பார்த்திருக்கிறாள். “ரூம் வேண்டாம்னு நான் சொல்லலைங் சித்தி. எல்லா ஆபரேசனும் தெரிஞ்ச டெய்லர் ஒருத்தர் லைனுக்கு ஒருத்தரா நிக்கட்டும், நாங்க எந்திரிச்சா அவங்க உக்காரட்டும்னு சொன்னேன். அவங்களுக்குச் சம்பளம் பீஸ் வெலையில எங்க ஏத்தறதுன்னு கேட்டாங்க.”

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த டெய்லருக்கு நாளுக்கு 600 ரூபாய் சம்பளம், லைனில் நாளுக்கு 1,000 பீஸ் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு பீஸுக்கு 60 காசு. அதை அப்படியே ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். பழைய லைனில் அவளோடு தைத்த இரண்டு பேருக்கு இந்த வருஷம் பிரசவம். லீவு முடிந்து போகும்போது அவர்கள் இந்தச் சீட்டோடு போய்ப் பேசப் போகிறார்களாம்.