துணைக்கோட்டு வாத்தியார்

ஈப்போ கோப்பிக் கடையில் வெள்ளைக் கோப்பி வந்து, இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கிளாஸை நகர்த்தினால் பளிங்கு மேசையில் ஈர வட்டம் ஒன்று கிடக்கும். மற்றவர்கள் டிஷ்யூவால் துடைத்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் துடைக்க விடமாட்டார். சட்டைப் பையிலிருந்து கட்டைப் பென்சிலை எடுப்பார். வட்டத்தின் குறுக்கே இரண்டு நாண்கள் இழுப்பார். இரண்டையும் நட்டநடுவில் செங்குத்தாக வெட்டுவார். வெட்டிய கோடுகள் சந்திக்கும் இடத்தில் புள்ளி வைத்து, "மையம்" என்பார். தவுக்கே வந்து துணியால் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போவார். இவருக்கு வருத்தமே இராது. மையம் கண்டாயிற்று, இனி வட்டம் இருந்தால் என்ன, போனால் என்ன!

இவர்தான் துணைக்கோட்டு வாத்தியார். புந்தோங்கில் ஒருவர் இருப்பார், சுங்கை சிப்புட்டில் ஒருவர் இருப்பார், பத்து காஜாவில் கட்டாயம் இருப்பார். பணி ஓய்வு பெற்ற ஆண்களுக்கு நம் ஊரில் வேலைகள் ஏற்கெனவே பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. கோயில் கூட்டத்தில் சண்டை போடலாம், நம்பர் எடுக்கலாம், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வரலாம். இவர் முதல் இரண்டுக்கும் போகமாட்டார். மூன்றாவதை விரும்பிச் செய்வார், ஏனென்றால் ஓடுகிற காடியிலிருந்து பேரனால் குதிக்க முடியாது. "தம்பி, அந்த வைப்பரைப் பார். ஒரு தடவை போய் வந்தா எவ்வளவு பரப்பைத் துடைக்குது?" மழை நின்று வெகுநேரம் ஆகியிருக்கும். வைப்பர் ஓடிக்கொண்டே இருக்கும்.

எந்தக் கணக்கைக் கொண்டுபோனாலும் இவர் சொல்வது ஒன்றுதான்: "ஒரு கோடு போட்டுப் பாரு." எங்கே போடுவது என்று கேட்டால், "அதையும் நான் சொல்லிட்டா அப்புறம் நீ எதுக்கு?" என்பார்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்றால், தோட்டத்தில். இவர் பிறந்தது லயத்து வீட்டில். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்குப் போகிற அப்பாவோடு விடுமுறை நாள்களில் மங்கு துடைக்கப் போனவர். ரப்பர் மரத்தில் வெட்டு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஓடாமல் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இப்படிச் சாய்த்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டு அதிகப் பால் வடியும். ஒட்டுமரத்துக்குச் சாய்வு 30 பாகை. சாய்வு குறைந்தால் பால் வழிந்து பட்டையெல்லாம் ஓடும், கூடினால் பட்டை வீணாகும். கண்டக்டர் அளவுத்தகட்டை மரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவைத் திட்டியதைத்தான் இவர் தம் முதல் வடிவியல் பாடம் என்று சொல்லிக்கொள்கிறார். யூக்ளிட் அதற்குப் பிறகுதான் வந்தாராம்.

பிறகு துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. லயத்து மக்கள் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். பிழைத்த தோட்டங்கள் பலவற்றில் பின்னாளில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. வாத்தியாரின் வயதுக்காரர்கள் அதைப் பேசும்போது கண் கலங்குவார்கள். நம் ஆளுக்கும் கலங்கும். ஆனால் செம்பனையை அவர் மனத்துக்குள் மன்னித்துவிட்டார். "என்ன இருந்தாலும் சமபக்க முக்கோணமா நடுறான்ப்பா. மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர். சதுரமா நட்டா ஒரு எக்டர்ல 123தான் நிக்கும், முக்கோணத்துல 142 நிக்கும்." துக்க வீட்டில்கூட இதைச் சொல்லியிருக்கிறார்.

வாத்தியார் நடத்தும் வகுப்பு ஞாயிறு பிற்பகல், அவர் வீட்டு முன்தாழ்வாரத்தில். கட்டணம் கிடையாது. அதனாலேயே தாய்மார்களுக்கு முதலில் சந்தேகம் வந்தது. இப்போது போட்டி போட்டுக்கொண்டு அனுப்புகிறார்கள். இதற்குக் காரணம் கணிதத்தின் மீது வந்த திடீர்க் காதல் அன்று. 2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வு போயிற்று, 2022இல் பிடி3 தேர்வும் போயிற்று. பிள்ளையை எதை வைத்து அளப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு எதைக் காட்டி ஒப்பிடுவது என்று திகைத்து நின்ற தாய்மார்களுக்குப் போட்டிகள் கைகொடுத்தன. மலேசிய கணித அறிவியல் சங்கமான பெர்சாமா நடத்தும் தேசிய ஒலிம்பியாடில் ஒன்று முதல் மூன்றாம் படிவம் வரை 'போங்சு' பிரிவு. அது தவிர கங்காரு கணிதப் போட்டி இருக்கிறது. புலனக் குழுவில் பதக்கப் படங்கள் பறக்கின்றன. "சார், இவன் போங்சு எழுதணும். இன்னும் மூணு வாரம் இருக்கு" என்று ஓர் அம்மா பையனை ஒப்படைத்தபோது, அவர் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூணு வாரத்துல ஒரு கணக்கு போடலாம்" என்றார். அந்த அம்மா அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். அது அப்பட்டமான உண்மை.

அந்த ஒரு கணக்கு என்ன என்பது பழைய மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். இருசமபக்க முக்கோணம். அடிக்கோணங்கள் 80, 80, உச்சி 20. இடது மூலையிலிருந்து அடிப்பக்கத்துக்கு 60 பாகையில் ஒரு கோடு எதிர்ப்பக்கம் வரை போகிறது. வலது மூலையிலிருந்து 50 பாகையில் இன்னொன்று. இரண்டின் முனைகளையும் சேர்த்தால், முதல் கோட்டுக்கும் சேர்த்த கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு கோணம்? எட்வர்ட் லாங்லி என்ற ஆங்கிலேய ஆசிரியர் 1922இல் கணித இதழ் ஒன்றில் போட்ட கணக்கு இது. நூறு ஆண்டுகளாக உலகமெங்கும் நல்ல பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

பார்த்தால் பச்சைப்பிள்ளைக் கணக்கு. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் 180, அவ்வளவு தெரிந்தால் போதும் என்று பிள்ளைகள் பாய்வார்கள். படத்தில் இருக்கும் கோணமெல்லாம் சரசரவென்று நிரம்பும். கேட்ட கோணம் மட்டும் நிரம்பாது. எக்ஸ் என்று வைத்து நாலு சமன்பாடு எழுதி, அரை மணி நேரம் வியர்வை சிந்தி, கடைசியில் எக்ஸ் சமம் எக்ஸ் என்று கண்டுபிடிப்பார்கள். வாத்தியார் கைதட்டுவார். "ரொம்பச் சரி. யாரும் மறுக்க முடியாது."

ஒரு பெண் கமுக்கமாகப் பாகைமானியை எடுத்து அளந்து, "இருபத்தொன்பது சார்" என்பாள். "ஒரு பாகையை எங்கம்மா தொலைச்ச? லோங்கான்ல விழுந்திருச்சா?" பாகைமானி பறிமுதல். வகுப்பு முடிந்துதான் திரும்பக் கிடைக்கும். இன்னொருவன் கைப்பேசியில் பார்த்துவிட்டு "முப்பது" என்று கூவுவான். அவனுக்குத்தான் பெரிய தண்டனை. "சரி, ஏன்னு சொல்லு." அவன் உட்கார்ந்துவிடுவான்.

தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்றதை முதல் படிவத்தில் மலாயில் மறுபடி கற்ற பிள்ளைகள் இவர்கள். "சார், இந்த செகித்திகா சாமா காக்கிதானே, அப்போ அந்த அடிக்கோணம்..." என்று மூன்று மொழியிலும் கால் வைத்துப் பேசுவார்கள். அவர் எந்த மொழியையும் திருத்தமாட்டார். கோட்டை மட்டும் திருத்துவார்.

கடைசியில், இடது மூலையிலிருந்து அடிப்பக்கத்துக்கு 20 பாகையில் ஒரு கோடு. யாரும் கேட்காத, கணக்கில் எங்கும் சொல்லப்படாத கோடு. அதுதான் துணைக்கோடு. அதைப் போட்டதும் அடிப்பக்கத்தின் நீளமே படத்துக்குள் இன்னும் நாலு இடத்தில் வந்து நிற்கும். நடுவில் ஒரு சமபக்க முக்கோணம் முளைக்கும். மிச்சத்தை இரண்டாம் படிவப் பிள்ளை வாயாலேயே சொல்லிவிடும். விடை 30. அந்த இடத்தில் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா மரத்துல வெட்டுன அதே கோணம்" என்பார். பழைய மாணவர்கள் இதை அவருக்கு முன்பே உதட்டசைத்துச் சொல்லிவிடுவார்கள்.

போங்சு தாளில் எண் கணக்கு உண்டு, எண்ணிக்கைக் கணக்கு உண்டு. வடிவியல் அவற்றில் ஒரு பங்குதான். அந்த உண்மையை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. மூத்த பேரன் பல்கலைக்கழகத்து அச்சுப்பொறியில் எடுத்துத் தரும் தாள்களெல்லாம் பால்கன் நாட்டு இளையோர் ஒலிம்பியாட் கணக்குகள். 1997இல் தொடங்கிய போட்டி, பதினைந்தரை வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பல்கேரியா வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தடுமாறுவார். ஆனால், "பல்கேரியாக்காரன் கணக்குல காரம் ஜாஸ்தி, ருமேனியாக்காரன் மெதுவா இழுத்துட்டுப் போய்க் கழுத்தை அறுப்பான்" என்று சமையல்காரரின் தோரணையில் தரம் பிரிப்பார். அனைத்துலக ஒலிம்பியாட் 1959இல் ருமேனியாவில்தான் பிறந்தது என்பதால் அந்த நாட்டின் மேல் தனி மரியாதை.

இவருக்குச் சமமான ஆள் ஊரில் ஒரே ஒருவர், சீனப்பள்ளியில் ஓய்வு பெற்ற ஆசிரியர். இருவருக்கும் பொதுமொழி பாசார் மலாய் மட்டுமே. அதுவும் பத்துச் சொல் தேறாது. அவர் டிஷ்யூவில் படம் போட்டு நகர்த்துவார். இவர் பார்த்து, "தாபோலே" என்று ஒரு புள்ளியைக் குத்துவார். அவர் கோபமாக இன்னொரு கோடு இழுத்து, "போலே!" என்பார். நாலாம் டிஷ்யூவில் இருவரும் ஒரே நேரத்தில் "ஆ..." என்பார்கள். தவுக்கே டிஷ்யூவுக்குத் தனிக் கணக்கு எழுதுகிறார் என்று கேள்வி.

சுற்றுலாவும் உண்டு. தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனார். 1885இல் கட்டியது, 25 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். அடியில் மண் இளக்கம், உள்ளே தண்ணீர்த் தொட்டியின் பாரம், அதனால் சாய்ந்தது. பிள்ளைகள் ஐஸ் கச்சாங் கேட்க, இவர் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சாய்வை அளந்துகொண்டிருந்தார். பத்து காஜா பக்கத்துக் கெல்லி மாளிகையிலோ அவருக்கு வேறு மனநிலை. தமிழ்த் தொழிலாளர்களை வைத்துக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. "படம் அழகா இருக்கு, நிரூபணத்தைப் பாதியில விட்டுட்டான்" என்றார் வாத்தியார், உண்மையான வருத்தத்தோடு.

வீட்டில் நிலைமை வேறு. மனைவி நாற்பது ஆண்டுகளாக இந்தக் கோடுகளோடு குடித்தனம் செய்தவர். "பின்கட்டுக் கூரை ஒழுகுது. அதுக்கு ஒரு கோடு போடுங்களேன் பார்ப்போம்" என்பார். வாத்தியார் நிமிர்ந்து கூரையின் சாய்வைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். கூரை இன்னும் ஒழுகுகிறது.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் முழுமையாகாது. 'மூணு வாரம்' பையன் ஓர் ஆண்டு தங்கிவிட்டான், மூன்றாம் படிவத்துக்கும் வந்துவிட்டான். போட்டி முடிந்து வெளியே வந்தவனிடம் வாத்தியார் முதலில் கேட்டது, "வடிவியல்?" பையன் முகமெல்லாம் சிரிப்பு. "போட்டுட்டேன் சார். மூலையைப் பூச்சியம் பூச்சியம்னு வெச்சு, எக்ஸ், வை எடுத்து, கோட்டுச் சமன்பாடு எழுதி..." வாத்தியாரின் முகத்தைப் பார்த்த அம்மா, பையன் ஏதோ திருடிவிட்டான் என்றே பயந்துபோனார். ஆயத்தொலைவு! ஒரு துணைக்கோடும் போடாமல், எண்ணைப் பெருக்கிக் கழித்து, கணக்கை அடித்து நொறுக்கி விடை எடுத்திருக்கிறான். வாத்தியார் ஒன்றும் பேசாமல் காடியில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, இரவு பத்து மணிக்கு அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு தாளோடு. "எக்ஸும் இல்லை, வையும் இல்லை. அஞ்சே வரி" என்று பையன் முன்னால் வைத்தார். அம்மா, "அதான் விடை சரின்னு சொல்லிட்டாங்களே சார்" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பையன் தூக்கக் கண்ணோடு படித்தான். மூன்றாம் வரியில் விரலை வைத்தான்.

"சார், இந்த ரெண்டும் சமம்னு எங்க நிரூபிச்சீங்க?"

வாத்தியார் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். பிறகு காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "பென்சிலைக் குடு. பெரிய தாளா எடுத்துட்டு வா. அம்மா, வீட்டுக்காரி போன் பண்ணுனா நான் புறப்பட்டுட்டேன்னு சொல்லிடுங்க."

அம்மா சமையலறைக்குப் போய் மூன்று பேருக்கு மைலோ கலக்கினார்.