ஐரோப்பாவுக்கு ஒரு ப்ரொடக்‌ஷன் பிளான்

எங்கள் வட்டாரத்தில் ரயிலேறும் யோகம் மனிதர்களைவிடக் கார்களுக்குத்தான் அதிகம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிறக்கும் கார்கள் வாலாஜாபாத் ஸ்டேஷனுக்குப் போய், மூடிய வேகனில் ஏறி, நோகாமல் வடக்கே போகின்றன. அந்தக் கார்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் நாங்கள் கம்பெனி பஸ்ஸில், கன்டெய்னர் லாரிக்குப் பின்னால், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு ஒரகடம் போகிறோம். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை வரப்போவதாக பட்ஜெட் சமயத்தில் படிப்போம். படிக்க நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு என் மனைவி, "ஐரோப்பாவை ரயில்லயே சுத்திப் பார்க்கலாமாங்க?" என்றாள். நான் ஒரு உதிரி பாகத் தொழிற்சாலையில் ப்ரொடக்‌ஷன் பிளானிங் பார்க்கிறேன். திட்டம் என்று சொன்னால் போதும், எக்செல் தானாகத் திறந்துகொள்ளும்.

முதல் தடை லீவு. "ரெண்டு வாரமா? யாருக்குக் கல்யாணம்?" என்றார் மேனேஜர். எங்கள் பக்கத் தொழிற்சாலைகளில் சேர்ந்தாற்போல லீவு கேட்கக் கல்யாணம், பிரசவம், சபரிமலை என்று அங்கீகரிக்கப்பட்ட காரணங்கள் உண்டு. சும்மா ஊர் பார்க்கப் போகிறேன் என்பதை எழுத அந்த ஃபாரத்தில் கட்டமே இல்லை. கடைசியில் 'சொந்த வேலை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அதற்குள் நான் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறேன் என்று ஸ்டோர்ஸ் வரைக்கும் செய்தி பரவியிருந்தது.

அடுத்தது ஆலோசனைகள். மாமனார், "லண்டன் பார்க்காம ஐரோப்பாவா மாப்ளே?" என்றார். லண்டனுக்குத் தனி விசா, தனிக் கட்டணம் என்றதும், "அப்ப ரோம் பாருங்க" என்று உடனே இறங்கி வந்தார். ஜெர்மனியில் இருக்கும் என் சித்தப்பா மகன் பெர்லினை விட்டுவிடக் கூடாது என்றான். எதிர் வீட்டுக்காரர் பேக்கேஜ் டூரில் பத்தே நாளில் எட்டு நாடு பார்த்து வந்தவர். பெல்ஜியம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரோடு நல்லா இருந்துச்சு சார்" என்றார்.

எல்லோர் மனசும் கோணாமல் பட்டியல் போட்டதில் பதினோரு ஊர் வந்தது. இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. பிரஸ் ஷாப்பில் ஒரு பாகம் அடித்து முடித்து அடுத்த பாகத்துக்கு டை, அதாவது அச்சு, மாற்றுவோம். மாற்றி முடிகிற வரைக்கும் மெஷின் சும்மா நிற்கும், சம்பளம் மட்டும் ஓடும். அந்த நேரத்தைப் பத்து நிமிஷத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ ஒரு முறையே வகுத்தார். ஊர் மாறுவதும் அதே கதைதான். காலை பதினோரு மணிவாக்கில் ஓட்டல் அறையைக் காலி செய்ய வேண்டும், புது ஊரில் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். நடுவில் கணவன் மனைவி இருவரும் பெட்டிக்குக் காவல். நாலு மணி நேர ரயில் என்று டைம் டேபிள் சொல்லும், ஆனால் அது ஒரு பகலையே தின்றுவிடும்.

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேஜையில் என் புலம்பலைக் கேட்டுக் கேட்டே பாதி இன்ஜினீயர் ஆனவள். பட்டியலைப் பார்த்துவிட்டு, "பதினோரு ஊர்னா பத்து டை சேஞ்ச். உங்க பிளான்ட்லயே இதை ஒத்துக்க மாட்டாங்களே" என்றாள். ஏழு ஊர் அன்று இரவே ஸ்கிராப்புக்குப் போயின.

மிஞ்சியவை பாரிஸ், லூசெர்ன், வெனிஸ், மியூனிக். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம். அங்கிருந்து பாரிஸுக்கு நாலு மணி நேர ரயில். பாரிஸில் பெரிய ஸ்டேஷன்களே அரை டஜன் உண்டு. நாங்கள் வந்து இறங்குவது கார் டு லெஸ்ட், சுவிட்சர்லாந்துக்கு ஏற வேண்டியது கார் டு லியோன். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ஏறிப் பழகிய குடும்பத்துக்கு இது பெரிய விஷயமில்லை.

மியூனிக் என் விருப்பம். பி.எம்.டபிள்யூ மியூசியம் பார்க்கலாம் என்றேன். "அவங்கதான் 2007லேர்ந்து நம்ம மஹிந்திரா சிட்டியிலயே கார் மாட்டுறாங்களே! அதைப் பார்க்க மியூனிக் போகணுமா?" என்றாள். ஊரில் வேறு மியூசியங்களும் உண்டு என்று சமாதானம் செய்திருக்கிறேன்.

பெரிய விவாதம் நடந்தது ஒரு சுரங்கத்தைப் பற்றி. லூசெர்னிலிருந்து இத்தாலிப் பக்கம் இறங்க, 2016-ல் திறந்த கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம் இருக்கிறது. நீளம் 57 கிலோமீட்டர். சென்னையில் நுழைந்தால் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டித்தான் வெளிச்சம் பார்க்கலாம். "57 கிலோமீட்டர் இருட்டைப் பார்க்கவா சுவிட்சர்லாந்து போறோம்?" என்று கேட்டாள். 1882-ல் திறந்த பழைய மலைப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. நேரம் கூடுதல், பெலின்சோனாவில் மாற வேண்டும். தேவையில்லாத கூடுதல் நேரத்தை எங்கள் மொழியில் வேஸ்ட் என்போம் என்றேன். "ஜன்னல்ல ஆல்ப்ஸ் தெரிஞ்சா அது வேஸ்ட் இல்ல, வேல்யூ ஆட்" என்றாள். பழைய பாதையே பிளானில் ஏறியது.

டிக்கெட்டுக்கு யூரெயில் பாஸ் என்று ஒன்று உண்டு, ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக. பாஸ் கையில் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி வேக ரயில்களில் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நாலு ஊருக்கு அது கட்டுப்படியாகவில்லை. தனித்தனி டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது. "ஆர்.ஏ.சி. கூடவா இல்ல?" என்று மனைவி பல தடவை கேட்டாள். நம் ரயில்வே முன்பதிவு நாட்களை 120-லிருந்து 60 ஆகக் குறைத்த பிறகு, காலை எட்டு மணிக்கு நாலு விரலும் விசையில் இருக்கத் தயாராகும் இனம் நாங்கள். ஐரோப்பிய ரயில் வெப்சைட்டோ சுற்றாமல், தொங்காமல் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டது. போட்டியில்லாமல் கிடைத்த டிக்கெட் என்பதால் அவளுக்கு இன்னும் அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் என்று நினைத்திருந்தவர் மாமனார். 2024-ல் அவர்களுடைய நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். அதிலும் ஆறு நிமிஷத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. ஒரகடத்தில் இந்த டெலிவரி ரேட்டிங்கோடு ஒரு சப்ளையர் இருந்தால் செக்யூரிட்டி கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். எனவே விமானம் பிடிக்க முந்தின நாளே ஃபிராங்க்ஃபர்ட் போய்ப் படுத்துக்கொள்வதாக பிளான். ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் காசில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திருப்பித் தர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி. "அப்ப லேட்டாகட்டும்" என்கிறாள் மனைவி.

விசா தனிப் புராணம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும், இரவுகள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத இன்ஷூரன்ஸ், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, ஓட்டல் பதிவு, மேனேஜரின் கடிதம். ஐ.எஸ்.ஓ. ஆடிட் பார்த்தவனுக்கு ஃபைல் கட்டுவது பெரிதல்ல. ஆனால் அந்தக் கடிதத்தில் 'சுற்றுலா' என்றே எழுத வேண்டும். மேனேஜருக்கு அப்போதுதான் நிஜமாகவே நம்பிக்கை வந்தது.

சாப்பாட்டில் மாமியார் இறங்கினார். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு எல்லாம் சரி. நெய்யும் பால்கோவாவும் முடியாது, வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடாது. "நெய் இல்லாம பருப்புப்பொடியை எப்படித் திம்பாங்க?" என்று அவர் கேட்ட கேள்விக்கு பிரஸ்ஸல்ஸில் யாரும் பதில் யோசித்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக உறவினர்களுக்கும் ஷிஃப்ட் நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வெனிஸில் நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டு வைத்தவை. கூலிக்காரரை வைத்தால் பட்ஜெட் தாங்காது, பெட்டியை நாங்களேதான் தூக்க வேண்டும். ஆகவே சாக்லேட், சென்ட், கைக்கடிகாரம் என்று பட்டியல் அனுப்பியவர்கள் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளவும். ஆளுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் மேக்னட் உறுதி.