உரித்தால் பழைய ரிம்!

கேள்வி: கார் ரிம்மைக் கறுப்பாக்க ஆசை. பிறகு பிடிக்காமல் போனால்? (கல்முனை வாசகர்)

பதில்: ரப்பர் பூச்சு அடித்தால், பிறகு வாழைப்பழத் தோல்போல உரித்துவிடலாம்! ‘பிளாஸ்டி டிப்’ போன்ற ரப்பர் பூச்சுகள் முதலில் குறடு போன்ற கருவிகளின் கைப்பிடிகளுக்கு வந்தவை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் பழைய காரையே புதுமாப்பிள்ளையாக்கும் ஆசை நியாயமானதுதான்.

ஆனால் பூச்சில் கஞ்சத்தனம் ஆகாது. மெல்லிய பூச்சாக நாலைந்து தடவை அடித்தால் முழுத்தோலாக உரியும். ஒன்றிரண்டோடு நிறுத்தினால் துண்டு துண்டாகப் பிய்ந்து உயிரை வாங்கும். அடிக்கும் முன் கடற்காற்றின் உப்பையும் பிரேக் தூசியையும் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். பூசிய பிறகு பெற்றோல் சிந்தினால் பூச்சு கரையும்.

பிரேக் தட்டை மட்டும் இறுக மூடிவிடுங்கள். அதில் ஒரு துளியும் படக்கூடாது.