ஐப்பசியும் சத்துமாவும்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். தமிழ்நாட்டில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரையான 3 மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். சென்னையில் அதன் பங்கு பாதிக்கும் மேல். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பருவமழை தொடங்கும் செய்தியைக் குழந்தையின் மூக்கு வானிலை மையத்துக்கு முன்பே அறிவித்துவிடுகிறது. முதல் தும்மலுக்கும் இரண்டாம் தும்மலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பெரியவர்களுக்கு ஆரோக்கிய அக்கறை பிறக்கிறது. மற்ற மாதங்களில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் குழந்தையின் கையில் திணித்துவிட்டுப் போன் பேசியவர்களும் இந்தப் பெரியவர்களே.

இப்பருவத்துக்கான உணவை முன்னோர் பண்டிகைகளாகப் பிரித்து வைத்திருந்தனர். நவராத்திரியில் நாளுக்கு ஒரு சுண்டல்; குழந்தைகள் அதில் தேங்காய்ப்பல்லை மட்டும் பொறுக்குவர். ஆயுத பூசைக்குப் பொரிகடலை. புரட்டாசி கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் நீளும் வரிசையையும் ஒரு பண்டிகையாகக் கொள்ளலாம். தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு. கார்த்திகைத் தீபத்துக்குப் பொரி உருண்டை, அப்பம். இடையில் ஐப்பசிப் பௌர்ணமியன்று சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் அத்தனை பெரிய லிங்கத்தையும் சோற்றால் மூடிவிடுகிறார்கள். முழுக்க வெள்ளைச் சோறு. கொஞ்சம் தினை கலந்தால் நல்லது என்று சிவாச்சாரியாரிடம் இதுவரை யாரும் யோசனை சொன்னதாகத் தெரியவில்லை. மேற்கண்ட பண்டங்களில் எதையும் உடம்புக்கு நல்லது என்று சொல்லி யாரும் ஊட்டியதில்லை. குழந்தைகளும் பேசாமல் சாப்பிட்டு வந்தனர்.

அதே குழந்தைகளைக் காய்கறி சாப்பிட வைப்பதற்கு உறுதியான ஒரு முறை உண்டு. அது சத்துமாவை அடுத்து விளக்கப்படும்.

சத்துமாவின் தரத்தை எண்ணிக்கையால் அளப்பது இன்றைய வழக்கம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளில் தரப்படும் சத்துமாவில் கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம் என்று ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் சரக்குதான் இருக்கும். வீடுகளில் அது 7 ஆனது. பிறகு 14. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு எண்ணிக்கையை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. இந்த ஐப்பசியில், பெயர் சொல்ல வேண்டாத ஓர் அத்தை, குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு டப்பாவின் படத்தைப் போட்டு, தம் மருமகள் 48 போட்டு அரைத்திருப்பதாக அறிவித்தார். படத்தின் கீழே ஒரு கேள்வியும் இருந்தது: “நீங்கள்லாம் எத்தன போடுறீங்க?”

கேள்விக்குக் குழுவில் எவரும் பதில் எழுதவில்லை. அன்று மாலையே பல வீடுகளிலிருந்து ஆட்கள் மளிகைக் கடைக்கு அனுப்பப்பட்டனர்.

48 என்ற எண்ணை எட்டுவது எளிதன்று. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு என்று 8 வரை நேராகப் போகலாம். கோதுமை, பார்லி, மக்காச்சோளம், ஜவ்வரிசியைச் சேர்த்தால் 12. பாசிப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, கறுப்பு உளுந்து, கறுப்புக் கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, நிலக்கடலை, சோயா எனப் பருப்பினம் 9. இதற்கு மேல் இயற்கையின் கையிருப்பு குறையத் தொடங்குவதால் கணக்குப்பிள்ளையின் திறமை தேவைப்படுகிறது. அரிசியைச் சிவப்பு, கறுப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, மூங்கிலரிசி என்று நான்காக உடைப்பார்கள். எள்ளை வெள்ளை, கறுப்பு என்று இரண்டாக எழுதுவார்கள். பாதாம், பிஸ்தா, முந்திரி, தாமரை விதை, பூசணி விதை, வெள்ளரி விதை, ஆளி விதை ஆகியவற்றுக்குப் பின்னும் எண் நிரம்பாவிட்டால் சுக்கு, ஜாதிக்காய், அதிமதுரம் வரும். ஏலக்காயைத் தனி உருப்படியாகக் கணக்கிடலாமா என்பதில் பெரியோர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 47-இல் நிற்பவர்கள் கணக்கிடலாம் என்கிறார்கள்.

ஒரு கிலோ மாவில் 48 சரக்குகள் சம அளவில் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 கிராம். ஒரு வேளைக் கஞ்சிக்கு 10 கிராம் மாவு என்று கொண்டால், ஒவ்வொரு சரக்கிலும் குழந்தைக்குக் கிடைப்பது 0.2 கிராம். கொண்டைக்கடலைக் கணக்கில் இது ஒரே ஒரு கடலை. ஒரு பாதாம் பருப்பு ஒரு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும் என்பதால், பாதாமில் ஆறில் ஒரு பங்கு. கேழ்வரகின் பெருமையே சுண்ணாம்புச் சத்துதான். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120. அப்படிப்பட்ட கேழ்வரகை 48-இல் ஒன்றாக ஆக்கிய பின் குழந்தைக்குப் போய்ச் சேர்வது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான சுண்ணாம்புச் சத்தும் அத்தைக்கு எதிரான ஒரு வாதமும். வெறும் கேழ்வரகை வறுத்து அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் கொடுத்தால் வேலையும் குறைவு, பலனும் கூடுதல். ஆனால் “நாங்க 1 போடுறோம்” என்று குழுவில் எழுத முடியாது.

செய்முறையில் முதலாவது முளைகட்டுதல். இதைக் குறை சொல்வதற்கில்லை. முளைவிடும் தானியத்தில் உண்டாகும் அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி கட்டியாக இறுகாது. குழந்தையின் சிறிய வயிற்றுக்குள் கூடுதல் மாவைச் செலுத்தலாம். இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. அதன் பிறகு தானியத்தை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைக்க வேண்டும் என்று எல்லாச் செய்முறைகளும் ஒரே குரலில் கூறுகின்றன. எல்லாச் செய்முறைகளும் ஐப்பசியில்தான் அனுப்பப்படுகின்றன.

ஆகவே தானியம் ஹாலில் காய்கிறது. அடுக்ககத்து வீட்டின் ஹாலில் 4 வேட்டிகளை விரிக்கலாம். சோபாவை நிமிர்த்தி வைத்தால் 5. மின்விசிறி முழு வேகத்தில் சுழலும். வரகு பறந்து சாமையில் விழும், சாமை பறந்து டிவிக்கு அடியில் போகும். 20-க்கு மேற்பட்ட தானியங்களைத் தனித்தனியாகக் காயவைத்து, பின்பு ஒன்றாகக் கலந்து அரைப்பதற்கு ஏன் தனித்தனியாகக் காயவைக்க வேண்டும் என்ற கேள்வியை வீட்டில் எழுப்பாமல் இருப்பது நல்லது. மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கொடிக்கயிற்றில் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருக்கும், அதாவது சொட்டிக்கொண்டிருக்கும். சொட்டும் இடத்தில் பாசிப்பயறு இரண்டாம் முறை முளைக்கும். சாம்பிராணிப் புகை, ஈரச் சாக்ஸ், முளைத்த கம்பு ஆகிய மூன்றும் கலந்து எழும் மணத்தை இப்பருவத்தின் தனி அடையாளமாகக் குறிப்பிடலாம்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஆண்கள், குறிப்பாகக் கட்டுரை எழுதிப் பிழைப்பவர்கள், “சும்மாதான உக்காந்திருக்கீங்க” என்ற அடிப்படையில் தானியக் காவலுக்கு நியமிக்கப்படுகிறார்கள். காவலர் நாற்காலியில் அமர்ந்து இரண்டு கால்களையும் ஸ்டூலின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும்; கீழே வைக்க இடமில்லை. புறா, எறும்பு, குழந்தை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் தாக்குதல் வரும். எறும்பை மஞ்சள் தூளால் தடுக்கலாம். குழந்தையைத் தடுக்க முடியாது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஹாலில் ஒரு கம்புக் குவியலும் கையில் ஒரு பொம்மைப் பொக்லைனும் கிடைத்தால் அது என்ன செய்யும் என்பது வெளிப்படை. இரண்டரை மணி நேரம் வாய் திறக்காமல் அது விளையாடியது. மாவாவதற்கு முந்தைய நிலையில்தான் தானியங்கள் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கின்றன என்ற உண்மையை இதுவரை எந்தச் செய்முறையும் பதிவு செய்யவில்லை.

அரைகுறையாகக் காய்ந்ததை வாணலியில் வறுத்தெடுத்து மாவு மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். மாவு மில்லில் நமக்கு முன்னால் நிற்பவர் மிளகாய் அரைக்க வந்தவராகத்தான் இருப்பார். இது ஓர் இயற்கை விதி. “மொளகா ஓட்டியிருக்கேன் சார், ஒரு படி அரிசி குடுங்க, கழுவி விட்டுடறேன்” என்பார் மில்காரர். குடையும் தூக்குப் பையுமாக மழையில் நனைந்து வந்தவரிடம் அரிசி இருக்காது. “பொட்டுக்கடலையாச்சும் குடுங்க” என்று அவரே ஒரு வழி காட்டுவார். பொட்டுக்கடலை போய்விட்டால் எண்ணிக்கை 47 ஆகிவிடும். மேலும் பாதாமும் முந்திரியும் எண்ணெய் விட்டு இயந்திரத்தில் அப்பிக்கொள்வதால், “இதெல்லாம் யாரு சார் போடச் சொன்னது?” என்று அவர் கேட்பார். அவருக்குச் சொல்வதற்கு அத்தையின் பெயர் மட்டுமே உள்ளது.

கஞ்சியை அடுப்பில் வைத்துக் கிண்டினால் பழுப்பு நிறத்தில் கொப்புளம் விடும். குழந்தை முதல் கரண்டியை வாயில் வாங்கி, “காரமா இருக்கு” என்கிறது. வீட்டில் அனைவரும் ருசிபார்த்து, காரமே இல்லை என்று தும்மிக்கொண்டே தீர்ப்பளிக்கின்றனர். நாட்டுச் சர்க்கரை இரண்டு கரண்டி சேர்க்கப்படுகிறது. பிறகு மூன்றாவது. கடைசியில் குழந்தை விழுங்கியது பெரும்பாலும் கரும்பு. குழந்தைகளின் இத்தகைய தீர்ப்புகளை அரசாங்கம்கூட மதிக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், திங்கட்கிழமை அரிசி உப்புமாவை எடுத்துவிட்டுப் பொங்கலும் சாம்பாரும் போடுவது என்று 2025-இல் முடிவானது. வீடுகளில் அத்தகைய நெகிழ்வை எதிர்பார்க்க முடியாது. மாவு ஐந்து கிலோ இருக்கிறது.

அதைப் பாதுகாப்பது தனிக்கலை. மழைக்காலக் காற்றில் மாவு ஈரம் இழுக்கும். கொட்டைகளின் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். சரியாகக் காயாத நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். இது விளையாட்டுப் பேச்சன்று, வாடை மாறிய மாவைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். வண்டு வந்துவிட்டால் அது 49-ஆவது சரக்கு.

கஷாயம், லேகியம் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, சுக்கு, மிளகு, வெட்டிவேர் உட்பட 9 சரக்குகள். எண்ணிக்கையை ஏற்ற வேண்டும் என்று அதில் எவரும் கைவைக்காததற்குக் காரணம் கசப்பு. தீபாவளி லேகியம் எண்ணெய்க் குளியலுக்குப் பின் நெல்லிக்காய் அளவு தரப்படும். குழந்தை அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துப் பூந்தொட்டிவரை கொண்டுசெல்லும். மிச்சத்தைப் பெரியவர்கள் மருந்து என்ற பெயரில் மூன்று நாளைக்குச் சாப்பிடுவார்கள். நெய்யும் வெல்லமும் நன்றாகவே இருக்கும்.

பள்ளி நொறுக்குத்தீனி டப்பாவுக்கு அட்டவணை உண்டு: திங்கள் பழம், செவ்வாய் சுண்டல், புதன் பச்சை நிறத்தில் ஏதேனும். பச்சை நிறத்தில் குழந்தை சாப்பிடக்கூடியது கிரேயான் மட்டுமே. மாதுளையை உதிர்த்து, வெள்ளரியை நட்சத்திரமாக வெட்டி, டப்பாவை மூடி, பையில் வைத்து, சீருடையை இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தி மாட்டிவிட்ட பிறகு, மழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை என்ற அறிவிப்பு டிவியில் ஓடும். அறிவிப்பு முந்தைய இரவே வந்த நாள்களில் வெயில் அடிக்கும். அந்த வெயிலில் தானியத்தைக் காயவைக்கலாமே என்று மாடிக்கு ஓடினால், அங்கே ஏற்கெனவே மற்ற வீட்டார் வேட்டி விரித்திருப்பார்கள்.

காய்கறியைப் பொறுத்தவரை, இப்பருவத்தில் முருங்கைக்காய் விற்கும் விலையில் அதை வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்துத் துப்பவிடுவது பெரியவர்களின் ரத்த அழுத்தத்துக்கு உகந்ததன்று. உறுதியான முறையைக் கூறுவதற்கு முன், எஞ்சிய சத்துமாவை என்ன செய்வது என்பதை முடித்துவிட வேண்டியிருக்கிறது.

எஞ்சிய மாவை அடையில் கலக்கலாம். அடை கல்லைவிட்டு எழும்பாது. நெய் ஊற்றி உருண்டை பிடிக்கலாம், உருண்டையாகவே இருக்கும். முகத்துக்குப் பூசலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. மிளகாய் ஓட்டிய மில்லில் அரைத்தவர்கள் அதைத் தவிர்க்கவும். நடைமுறையில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி, நல்ல எவர்சில்வர் டப்பாவில் போட்டு, குழந்தை உள்ள வேறொரு வீட்டுக்கு அன்பாகக் கொடுத்துவிடுவது. அவர்களும் முகம் மலர வாங்கிக்கொள்வார்கள். ஆனால் டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது மரபாகையால், ஒரு வாரத்தில் அது அவர்கள் வீட்டுச் சத்துமாவு நிரம்பித் திரும்பி வரும். அது 52.