வேடம் கட்டும் முறை: பணி உதவியாளரை அமர்த்துதல் பற்றிய ஒரு விளக்கமுறை ஆய்வு

அலுவலகப் பணிகளுக்கெனச் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்குத் தனித்தனி வேடம் கட்டிவிடும் வழக்கத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். வேடம் என்பது இங்கு, உரையாடல் தொடங்குமுன் கணினிக்கு எழுதித் தரப்படும் 'நீ இன்னார், இன்ன துறையில் தேர்ந்தவர், இன்ன முறையில் விடை தருவாய்' என்னும் அறிவிப்பைக் குறிக்கும். தொழில் தெரிந்தோர் இதனைச் சிஸ்டம் ப்ராம்ப்ட் என்பர். நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைகளே இவ்வாய்வின் எல்லை. விளக்கமுறை, பகுப்பாய்வு முறை, ஒப்பீட்டு முறை ஆகிய மூன்றும் பின்பற்றப்பட்டுள்ளன. மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு, முனைவர் பட்ட ஆய்வேடுகளில் எவ்வளவு தென்படுமோ அவ்வளவே இங்கும் தென்படும். கருதுகோள், மரபு பிறழாமல், முடிவுரை எழுதியபின் அதற்கேற்ப அமைக்கப்பட்டது.

வேடம் செயற்படும் விதம் சிக்கலானதன்று. மொழி மாதிரி என்பது, முன்னுள்ள சொற்களைக் கொண்டு அடுத்து வரத்தக்கதைக் கணித்துக் கணித்து எழுதிச் செல்லும் கருவியாகும். வேட அறிவிப்பு ஒவ்வோர் உரையாடலின் தலைமாட்டிலும் வைக்கப்படுவதால், பின்வருவன அதன் சாயலைப் பெறுகின்றன. ஆகவே கணக்காளர், வழக்கறிஞர், விளம்பர எழுத்தாளர் என மூவரை அமர்த்தியிருப்பதாக மகிழும் அலுவலர் உண்மையில் அமர்த்தியிருப்பது ஒருவரையே ஆகும். மூவருக்கும் படிப்பு ஒன்று, மறதி ஒன்று, தெரியாததைத் தெரிந்ததுபோல் உரைக்கும் துணிவும் ஒன்று. தெருக்கூத்தில் ஒருவரே இரு வேடம் கட்டி வந்தாலும் முதல் வரிசைப் பிள்ளைகள் காலைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுவிடுவர். அலுவலகத்தில் அத்தகைய பிள்ளைகள் இல்லாதது இத்துறையின் வளர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்துள்ளது.

தொன்மை காட்டாத ஆய்வு ஆய்வாகாது என்பதால் வரலாறும் கூறப்படுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கி 1966இல் வெளியிட்ட எலைசா என்னும் நிரல், டாக்டர் எனப் பெயரிய எழுத்துப்படியின் துணையால் உளமருத்துவர் வேடம் பூண்டது. எதிரிலிருப்பவர் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்பதற்கு மேல் அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அது உருவாவதை மாதக்கணக்கில் அருகிலிருந்து கண்ட அவருடைய செயலாளரே, சற்று நேரம் அதனோடு பேசியபின், தனிமை வேண்டி அவரை அறையைவிட்டுப் போகச் சொன்னார் என வைசன்பாம் பின்னர் எழுதினார். 1972இல் உளமருத்துவர் கென்னத் கோல்பி உருவாக்கிய பாரி, எவரையும் ஐயுறும் நோயாளியின் வேடம் பூண்டது. இவ்விரண்டையும் இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வழியே ஒன்றோடொன்று பேசவும் விட்டனர். இந்தப் பாரிக்கும் பறம்பு மலைக்கும் தொடர்பு காட்டும் கட்டுரை இன்னும் கண்ணில் படவில்லை. கருத்தரங்கப் பருவம் முடியாததால் உறுதியாகக் கூற இயலாது.

அலுவலக வேடங்களின் பொற்காலம் ஆபீஸ் 97 தொகுப்போடு தொடங்கியது. கடிதம் எழுதத் தொடங்கியதும் குறுக்கே தோன்றி உதவட்டுமா என வினவிய, கண் முளைத்த காகிதக் கிளிப்பை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அதனை விரும்பாதோர் ஐன்ஸ்டீனை ஒத்த மேதையையோ, ஷேக்ஸ்பியரை ஒத்த புலவரையோ, ஒரு நாயையோ தேர்ந்துகொள்ளலாம் என்று மைக்ரோசாப்ட் வழிசெய்திருந்தது. அட்டவணையில் வரிசை சேர்ப்பது எப்படி என்ற வினாவுக்கு ஐன்ஸ்டீனும் நாயும் ஒரே விடையையே தந்தனர் என்பது இத்துறையில் இதுவரை எட்டப்பட்ட முடிவுகளுள் தலையாயது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அனைவரும் ஒருசேர நீக்கப்பட்டனர். சாட்ஜிபிடியில் 2023 ஜூலையில் நிலையான அறிவுறுத்தல் எழுதும் வசதியும், அவ்வாண்டு நவம்பரில் பயனரே வேடம் கட்டி வைத்துக்கொள்ளும் தனிப்பயன் ஜிபிடிகளும், அடுத்த ஆண்டு அவற்றை ஒத்த கூகுளின் ஜெம்களும் வந்தபின் வேடம் கட்டுதல் மீண்டும் தழைத்தது.

வேட அறிவிப்பின் உறுப்புகளை அறிய நன்னூலின் சிறப்புப் பாயிர இலக்கணம் போதுமானது. நூலுக்கு முன்னுரையாகும் பாயிரத்தில் ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, சொல்லவந்த பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் அமைய வேண்டும் என்பது அவ்விலக்கணம். வேட அறிவிப்பிலும் எல்லை என்பது எதைச் செய்யக்கூடாது என்பதாகவும், யாப்பு என்பது எத்தனை வரி, என்ன வடிவம் என்பதாகவும், கேட்போர் என்பது விடையைப் படிக்கப்போகும் மேலதிகாரியாகவும் செம்மையாகப் பொருந்திவருவதை எவரும் காணலாம். அறிவிப்பு எழுதுவோரோ எட்டில் முதலாவதாகிய ஆசிரியர் பெயரை எழுதியதும் களைத்துவிடுகின்றனர். 'நீ உலகப் புகழ்பெற்ற நிதி ஆலோசகர்' என்று எழுதிவிட்டு, எந்த நிறுவனத்தின் எந்த ஆண்டுக் கணக்கு, யார் பார்வைக்கு, எத்தனை பக்கம் என எதுவும் கூறாமல் கைகட்டி அமர்ந்திருப்பது பெருவழக்கு. அணிந்துரை நான்கும் வாழ்த்துரை ஆறும் பெற்று நூல் பெறாத நூல்கள் மலிந்த சூழலில் இதனைப் புதுமை என்று சொல்வதற்கில்லை.

வேடங்கள் ஐந்து வகைப்படும். தொழில் வேடம், சான்றோர் வேடம், உறவு வேடம், பகை வேடம், அவை வேடம் என்பன அவை.

சான்றோர் வேடம் மறைந்த பெரியோரை மின்னஞ்சல் திருத்த அழைப்பது; மேலும் கூறுவது அவர்களுக்கு மரியாதையாகாது.

உறவு வேடம், அம்மாவைப்போல் கண்டித்து வேலை வாங்கச் சொல்வது. அம்மா உயிரோடு இருப்போரும் இதனைக் கையாள்கின்றனர்.

பகை வேடம் என்பது, தன் திட்ட அறிக்கையை ஈவிரக்கமின்றிக் குறைகாணும்படி ஒருவர் தாமே கணினிக்கு ஆணையிடுவது. இது மெய்யாகவே பயன் தருகிறது, ஏனெனில் இதில் வேடத்தைவிட ஏவப்படும் வேலை தெளிவாக உள்ளது. பயன் தருவதாலேயே ஆய்வுக்குரிய சிக்கல் எதுவும் இதில் எழவில்லை.

தொழில் வேடத்தில்தான் ஆய்வுலகம் இதுவரை போதிய கவனம் செலுத்தாத அனுபவ ஆண்டுச் சிக்கல் எழுகிறது. 'நீ 20 ஆண்டு அனுபவம் வாய்ந்த தணிக்கையாளர்' என்பது வாய்பாடு. 19 என்றோ 21 என்றோ எவரும் எழுதாதது ஏன் என்ற வினாவுக்கு மூன்று மரபினர் விடை பகர்ந்துள்ளனர். தரைத்தள மரபினர், 10 என்றால் நம்பிக்கை வராது, 30 என்றால் கணினி தெரியாது, ஆகவே 20 என்பர். மூன்றாம் தள மரபினர் இதனை மறுத்து, 20 என்பது எழுதுபவர் தம் அனுபவத்தோடு 5 கூட்டியதே, தம்மைவிட மூத்தவரை வேலை வாங்குவதில் உள்ள இன்பமே அதன் காரணம் என்பர். உணவுக்கூட மரபினர் இரண்டுக்கும் சமாதானம் கூறித் தயிர்சாதம் முடிவதற்குள் ஓர் உரை வகுத்தனர். அவ்வுரை கைகழுவும் இடத்தில் மறுக்கப்பட்டது. அம்மறுப்பு மின்தூக்கியில் நான்காம் தளத்துக்கும் ஐந்தாம் தளத்துக்கும் இடையே மறுக்கப்பட்டதாகவும், கதவு திறந்துவிட்டதால் அதன் பிற்பகுதி கிடைக்கவில்லை என்றும் அங்கு உடனிருந்த கூரியர்காரர் வாய்மொழியாகத் தெரிவிக்கிறார். கிடைக்காத அப்பகுதியே முதன்மையானது என்பதில் மூன்று மரபினரும் ஒன்றுபடுகின்றனர்.

40 ஆண்டு அனுபவம் வழங்கப்படும் இடங்களில் சிக்கல் முதிர்கிறது. 22 வயதில் பணியில் சேர்ந்த வேடத்துக்கு இப்போது 62 வயதாகிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது 58ஆக இருந்து, 2020இல் 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டதால், 58ஆம் வயது விதிப்படி 36 ஆண்டும், 59ஆம் வயது விதிப்படி 37 ஆண்டும், இப்போதைய விதிப்படி 38 ஆண்டுமே ஒரு வேடத்துக்கு உச்ச அனுபவமாகக் கொள்ளத்தக்கன. எஞ்சிய இரண்டு ஆண்டை மறுநியமனம் என ஒரு சாரார் கொள்வர். அவ்வாறாயின் ஓய்வூதியத்தையும் தொகுப்பூதியத்தையும் வேடம் ஒருசேரப் பெறலாமா என மற்றொரு சாரார் கேட்பர். வேடம் தனியார் துறையைச் சார்ந்தது என்று ஒரே சொல்லில் சிக்கலைத் தீர்க்க முற்பட்டவர் எந்தச் சாராரிலும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

'ப்ராம்ப்ட் எழுதுவதில் 15 ஆண்டு அனுபவமுள்ள வல்லுநர்' என்னும் அறிவிப்பும் வழக்கில் உண்டு. சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2022 நவம்பர் 30ஆம் நாள். அகச்சான்றைக் கொண்டு காலம் கணிப்போர் கையில் இவ்வறிவிப்பு கிடைக்குமாயின், சாட்ஜிபிடியின் தோற்றம் தயக்கமின்றி முன்னே கொண்டு செல்லப்படும். எதையும் பழமையானதாக்கும் முயற்சிக்கு நம்மிடையே எதிர்ப்பு எழுவதில்லை.

இவ்வளவு அனுபவத்தால் விளைந்த பயன் யாது என்பதும் சோதிக்கப்பட்டுள்ளது. 162 வேடங்களை மொழி மாதிரிகளுக்குக் கட்டி, உண்மைத் தகவல் சார்ந்த வினாக்களைத் தொடுத்துப் பார்த்து, 2024இல் திருத்திய வடிவம் பெற்ற ஆய்வொன்று, வேடம் கட்டாமல் கேட்டபோது கிடைத்ததைவிடக் கட்டியபோது விடைகள் மேம்படவில்லை என்று கண்டது. வேடத்தால் பேச்சின் தொனி மாறுகிறது, சொல்வளம் மாறுகிறது, அறிவு கூடுவதில்லை. இம்முடிவு பல்கலைக்கழகங்களின் பதவி உயர்வுக் குழுக்களுக்கு அனுப்பப்பட்டதாகத் தெரியவில்லை.

வேடம் எவ்வளவு பொருந்தினாலும் மேற்கோளைத் தனியே சரிபார்க்க வேண்டும் என்பதற்கு 2023ஆம் ஆண்டின் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கு சான்றாகும். நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் சாட்ஜிபிடி தந்த முன் தீர்ப்புகளை எடுத்துக்காட்டி மனு எழுதினார். அத்தீர்ப்புகள் உலகில் இல்லை. அவை உண்மையானவைதாமா என அதனிடமே அவர் வினவியபோது, ஆம் என்ற விடையும் கிடைத்திருந்தது. நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. முந்தைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பை அச்சுப்பிழையோடு எடுத்தாளும் அறிஞருக்கு இத்தகைய மன்றம் ஏதும் அமையாதது அவர்களின் நல்வினை.

தமிழில் அறிவிப்பு எழுதுவோர்க்கு மட்டும் உரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. 30 ஆண்டு அனுபவமுள்ள இதய மருத்துவரை 'நீ' என விளித்து வேலையைத் தொடங்கும் துணிவு, அம்மருத்துவர் எதிரில் இருந்தால் எவருக்கும் வராது. 'நீங்கள்' என எழுதினாலோ, இரண்டாம் முறை தவறாக விடை தரும்போது கடிந்துகொள்ளக் கூச்சமாயிருக்கிறது. வேடத்தின் பதவி எதுவாயினும், மாலை ஆறு மணிக்குமேல் அனைவரும் 'நீ' ஆகிவிடுவதே நடைமுறை.

ஐந்தாவதான அவை வேடம், ஒரே மாதிரிக்கு மேலாளர், பொறியாளர், வாடிக்கையாளர் என்று பல வேடம் ஒருங்கே கட்டித் தமக்குள் விவாதிக்கவிடுவது. விவாதம் முறைப்படி நிகழ்ந்து, அனைவரும் ஒருமனதாக ஒப்பி, அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கப்படுகிறது. மெய்யான கூட்டத்திலிருந்து இதனை வேறுபடுத்தும் ஒரே கூறு, தேநீர் வழங்கப்படாமை.

தரவு திரட்டும்போது, மாவட்ட அலுவலகம் ஒன்றின் இளநிலை உதவியாளர் எழுதிய அறிவிப்பு ஒன்றும் கிடைத்தது. 'இணைப்பில் உள்ள மூன்று மனுக்களுக்கும் பதில் கடித வரைவு வேண்டும். படிப்பவர் மனுதாரர், அதிகம் படிக்காதவர். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. தேதி, தொகை, அரசாணை எண் எதையும் நீயாக நிரப்பாதே, இடம் விட்டுவிடு. மனுவில் இல்லாததை எழுதாதே' என்பது அதன் முழு வடிவம். வரைவுகள் அன்றே கையெழுத்தாகி அனுப்பப்பட்டன. இவ்வறிவிப்பில் வேடம் எதுவும் காணப்படாததால் ஆய்வு எல்லைக்குள் அடங்காது எனக் கருதி மேற்பார்வையாளர் இதனைப் பின்னிணைப்புக்கு மாற்றும்படி பணித்தார். பின்னிணைப்பு, பக்க வரம்பு கருதி நீக்கப்பட்டது.