இசைகுடிமானம்

போன வைகாசியில் தங்கச்சி பேத்திக்குக் கல்யாணம். கண்டனூரில், எங்கள் வளவு வீட்டுப் பட்டாலையில், கறுப்புக் கோட்டுப் போட்ட நாலு பையன்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. 'ஸ்ட்ரிங் குவார்ட்டெட்' என்று பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தது. என் பேர் அதற்குக் கீழே.

செல்லோவின் அடியில் ஒரு கம்பி முளை உண்டு. அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் அதற்கு இடம் கொடுக்குமா? வில்லை இழுக்க இழுக்க, செல்லோ வழுக்கிக்கொண்டு முகப்பைப் பார்க்கப் புறப்பட்டது. தங்கச்சி அடுப்படிக்குள் போய் ஒரு பிரிமனையோடு வந்தாள். "இதுல குத்தி வச்சுக்கங்க தம்பி. குண்டானே நிக்குது, இது நிக்காதா?" நின்றது.

நான் பக்கத்திலிருந்த சம்பந்தி வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "எங்க ஐயா காலத்துல..."

ஐயா காலத்தில் காரைக்குடி சகோதரர்கள். திருக்கோகர்ணத்து வீணைக் குடும்பம். மூத்தவர் சுப்பராமய்யர் வீணையைத் தம்பூரா மாதிரி நிமிர்த்திப் பிடிப்பார். இளையவர் சாம்பசிவய்யர் எல்லாரையும் போல மடிமேல் கிடத்தி வாசிப்பார். நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று; ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் ஒரே வீணை என்பார் ஐயா. மிருதங்கம் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. கூட்டத்தில் ஒருத்தர் தொண்டையைச் செருமினால் ஊரே திரும்பிப் பார்க்குமாம்.

இதில் ஒன்றையும் நான் கேட்டதில்லை. மூத்தவர் நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டார். அதற்கப்புறமும் தம்பி வாசித்தார். 1952-இல் சங்கீத கலாநிதி, அதே ஆண்டு சங்கீத நாடக அகாதமி விருது. கலாக்ஷேத்திரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1958-இல் அவர் மறைந்தபோது எனக்கு ஒரு வயது. பொற்காலத்தை மயிரிழையில் தவற விட்டவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

நான் நேரில் கேட்ட வீணை, அத்தை கல்யாணத்தில், எனக்கு ஒன்பது வயசில். இதே பட்டாலை, மைக் கிடையாது. முன்னால் உட்கார்ந்த நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும். பின்னால் அப்பச்சியும் பங்காளிகளும், பர்மாவில் போன நிலத்துக்கு அரசாங்கம் என்ன தரும், தராவிட்டால் யார் காலில் விழுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது முழுக்க இரண்டாம் கட்டில். கந்தரப்பம் எண்ணெயில் விழுகிற சத்தம். ஐயா அந்தக் காலத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்து கேட்டார் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.

முகூர்த்தம் நெருங்கியது. எங்கள் கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்கிற பத்திரத்துக்கு இசைகுடிமானம் என்று பேர். அதிலுள்ள இசை சங்கீதம் இல்லை, சம்மதம். பையன்களிடமும் ஒரு பத்திரம் இருந்தது, ஏற்பாட்டுக்காரர்கள் கொடுத்தது: மூன்று மணி நேரம், நடுவில் நிறுத்தக்கூடாது. திருப்பூட்டு நேரத்தில் கெட்டிமேளம் கிளம்பியது. இரண்டு தவிலும் இரண்டு நாயனமும் சேர்ந்தால் செல்லோ என்ன செய்யும்? ஆனால் பத்திரம் பத்திரம்தானே. நாலு முழங்கையும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன, ஒரு சத்தமும் இல்லாமல். முதல் வயலின்காரப் பையன் மட்டும் அடிக்கடி மூக்கால் மூச்சை இழுத்துத் தலையைத் தூக்கினான். மற்ற மூன்று பேரும் அதைப் பார்த்து எடுத்தார்கள். அவர்களுக்கு அதுதான் தாளம்.

பந்தியில் வியோலாக்காரப் பையன் எனக்கு எதிர் இலை. அவன் மாமா சினிமா ரெக்கார்டிங்கில் வயலின் வரிசையில் உட்கார்ந்தவராம். கால்ஷீட் இல்லாத நாளே கிடையாதாம். பிறகு கீபோர்டு வந்தது. வரிசை முழுக்க ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. "வி.எஸ். நரசிம்மன் சார் தெரியுமா சார்? ராஜா சாரோட 'ஹௌ டு நேம் இட்'ல வயலின்." 1986-இல் கேசட்டாக வாங்கி நாடா அறுகிறவரை கேட்டவன் நான், தெரியும் என்றேன். அவர்தான் சினிமாவில் வாசித்தவர்களைச் சேர்த்து 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்' தொடங்கினார். தியாகராஜர் கீர்த்தனைக்கு மேற்கத்திய ஹார்மனி கட்டி வாசித்தார்கள். இந்த நாலு பேரும் அதைக் கேட்டுத்தான் சேர்ந்தார்களாம். இப்போது வாரநாளில் ஆன்லைன் வகுப்பு, முகூர்த்த நாளில் கல்யாணம்.

"இன்னைக்குக்கூட ஒரு கீர்த்தனை வாசிச்சோம் சார். நாங்களே ஹார்மனி எழுதினது. ரெண்டாவதா."

எனக்குச் சினிமாப் பாட்டு ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தது. இரண்டாவதாக அவர்கள் வாசித்தபோது நான் சம்பந்தி வீட்டுக்காரருக்குச் சுப்பராமய்யர் வீணை பிடித்த விதத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி" என்றேன்.

"பார்த்தேன் சார். கையெல்லாம் ஆட்டி ரசிச்சீங்க."

தலையைக் குனிந்து பால் பணியாரத்தைப் பிட்டேன். பட்டாலையில் தங்கச்சி பிரிமனையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவில் கயிறு கொஞ்சம் விலகியிருந்தது. விரலால் நெருக்கிவிட்டு, அடுப்படிக்குக் கொண்டுபோய், அதன் மேல் ரசக் குண்டானை இறக்கி வைத்தாள்.