ஏட்டுச் சுரைக்காயும் இறைமையும்

கேள்வி: உலகமயம் வந்த பிறகு, நம் அரசியல் சாசனம் பேசும் இறைமை ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிட்டதா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: சுரைக்காய் என்றீர்களே, அதைப் பயிரிடும் விவசாயம், சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலங்களுக்கு உரிய விஷயம்; ஆயினும், விவசாய மானியங்களுக்கு வரம்பு கட்டிய உலக வர்த்தக உடன்படிக்கையில் 1994-ஆம் ஆண்டு மராக்கேஷ் நகரில் மத்திய சர்க்கார் கையொப்பமிட்டபோது, மாநிலங்களின் சம்மதமோ பார்லிமெண்டின் முன் அனுமதியோ சட்டப்படி தேவைப்படவில்லை என்பதும், உடன்படிக்கையை நிறைவேற்றும் பொருட்டு மாநிலப் பட்டியலுக்குள்ளும் பார்லிமெண்டு பிரவேசிக்கலாம் என்று 253-ஆவது ஷரத்தே இடம் கொடுக்கிறது என்பதும் பலருக்கு ஆச்சரியம் விளைக்கும். ஆகவே, அயலார்மீது பழி போடுமுன், நம் சாசன கர்த்தாக்களின் தாராள சிந்தையைச் சற்றே வியந்துகொள்ளுங்கள்.

எனினும், அதே உடன்படிக்கைக்கு இணங்க 2005-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பார்லிமெண்டு, பழைய மருந்துக்குப் புது வடிவம் கொடுத்து, குணம் மேம்படாமலே மீண்டும் ஏகபோகம் கோருவோருக்கு இடமில்லை என்று 3(டி) பிரிவையும் சாமர்த்தியமாகத் திருத்தி வைத்தது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் கையை விரித்துவிட, அந்தப் பிரிவையே எதிர்த்து நோவார்ட்டிஸ் கம்பெனி தொடுத்த வழக்கை, சர்வதேச உடன்படிக்கையோடு நம் சட்டம் பொருந்துகிறதா என்று ஆராய்வது தன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்றும், சாசனத்துக்கு அது விரோதமன்று என்றும் கூறி, சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமும் பிற்பாடு காப்புரிமையை மறுத்தே தீர்ப்பளித்தது. அந்தத் தேதி 2013 ஏப்ரல் 1 ஆகையால், கம்பெனியின் பங்குதாரர்கள் முதலில் அதை விளையாட்டென்று எண்ணியிருந்தால், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை!